பிரித்துப் படித்த கதை

மலர்க் குழுவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "நீங்க கம்பெனி அனுபவத்தை வச்சு ஒரு கட்டுரை தரணும்" என்று கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் இயந்திரவியல், 2007–2011 அணி. படித்து முடித்த நாளிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவேதான் பிழைப்பு. வரைபடம் போடத் தெரியும். வார்த்தை போட்டு எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் வார்த்தை சம்பந்தமாகவே ஒரு கடன் பல வருடங்களாக மனத்தில் கிடக்கிறது. அதை இங்கே இறக்கி வைத்துவிடலாம் என்று தோன்றியது. ஆங்கிலச் சொல்லை அசை அசையாகப் பிரித்துப் படிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது, அது நமக்கு எதைத் தந்தது, எங்கே நம்மை ஏமாற்றியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கரும்பலகையில் சாய்கோடு

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவன் நான். முதல் செமஸ்டரில் பணிமனை வகுப்பு. பிராக்டிகல் நோட்டின் முதல் பக்கத்தில் 'மேனுஃபேக்சரிங்' என்ற சொல்லையே தப்பும் தவறுமாக எழுதியிருந்தேன். நம் பணிமனைப் பயிற்றுநர் (பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், பழைய மாணவர்களுக்குத் தெரியும்) நோட்டைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நேரே கரும்பலகைக்குப் போய் அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதி, நடுவில் மூன்று சாய்கோடு கிழித்தார். மேன் / யு / ஃபேக் / சர்.

"நாலு துண்டு. ஒவ்வொண்ணா வாயில போடு. முழுசா விழுங்கினா தொண்டையில சிக்கும்" என்றார்.

பிறகு அந்தக் கோடுகளை அழித்துவிட்டு ஒரே ஒரு கோடு போட்டார். மானு / ஃபேக்சர். "மொதல்ல போட்டது படிக்கறதுக்கு. இது புரிஞ்சிக்கறதுக்கு. லத்தீன்ல மானுஸ்-னா கை, ஃபாகெரே-ன்னா செய்யறது. கையால செய்யறதுன்னு அர்த்தம்."

பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், இப்ப எல்லாம் மெஷின்தானே செய்யுது?" என்றான். "பேரு பழசுடா, வேலை புதுசு" என்று சொல்லிவிட்டு லேத்தைப் போட்டார்.

அன்று எனக்கு விடுதலை கிடைத்தது போலிருந்தது. பதின்மூன்று எழுத்துச் சொல்லைக் கண்டால் வியர்க்கும் எனக்கு, அதை நாலு துண்டாக உடைக்கலாம் என்பதே புதுச் செய்தி. அந்தக் கோடுகளை எங்கே போடுவது என்று முதன்முதலில் முடிவு செய்தவர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. நூலகத்தில் தேடிப் படித்தது பிற்பாடுதான்.

அச்சுக்கூடத்துச் சிறுகோடு

வரி ஓரத்தில் இடம் போதாதபோது சொல்லை உடைத்து ஒரு சிறு கோடு போடுவது கையெழுத்துப் பிரதிகளின் காலத்திலேயே உண்டு. 1455 வாக்கில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் குட்டன்பர்க் அச்சிட்ட பைபிளில், வலது ஓரங்களில் சாய்வான இரட்டைக் கோடுகளைக் காணலாம். பத்தி இருபுறமும் ஒழுங்காக நிற்க வேண்டும் என்பதே அச்சுக்காரரின் கவலை.

பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கோடு வேறொரு வேலைக்காக வந்தது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தாமஸ் டில்வொர்த் என்பவர் எழுதிய எழுத்துக்கூட்டும் புத்தகத்தைத்தான் பிள்ளைகள் படித்தார்கள். அந்தக் காலத்துப் புத்தகங்களில் 'பிஷப்' என்ற சொல் 'பி-ஷாப்' என்றும், 'ஹேபிட்' என்ற சொல் 'ஹே-பிட்' என்றும் பிரிந்திருக்கும். நோவா வெப்ஸ்டர் என்ற இளம் பள்ளி ஆசிரியருக்கு இது பிடிக்கவில்லை. வாய் எப்படிச் சொல்கிறதோ அப்படியல்லவா பிரிக்க வேண்டும் என்று கேட்டார். 1783இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் அவை 'பிஷ்-அப்', 'ஹேப்-இட்' ஆயின. நீல அட்டைப் புத்தகம் என்று பெயர் வாங்கி, அமெரிக்கப் பள்ளிகளில் அது தலைமுறை தலைமுறையாகப் புழங்கியது. 1828இல் அவரே சுமார் 70,000 சொற்கள் கொண்ட அகராதியையும் கொண்டுவந்தார்.

பிரிட்டிஷ் அச்சுக்கூடங்கள் வேறு வழியில் போயின. சொல்லின் வேரும் ஒட்டும் எங்கே கூடுகின்றனவோ அங்கே உடைப்பது அவர்கள் மரபு. நம்முடைய பாடப்புத்தகச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர் 'ஸ்ட்ரக்-சர்' என்று வாய்க்கேற்பப் பிரித்தால், பழைய பிரிட்டிஷ் முறையில் அது 'ஸ்ட்ரக்ட்-யுர்'. கட்டுதல் என்ற பொருளுள்ள 'ஸ்ட்ரக்ட்' உடையாமல் நிற்கும். அமெரிக்கருக்கு 'போட்டாக்-ராஃபி', பிரிட்டிஷாருக்கு 'போட்டோ-கிராஃபி'. ஒளி ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். ஆக, ஒரே மொழிக்காரர்களே இரண்டு இடத்தில் கத்தி வைத்திருக்கிறார்கள். ஒன்று காதுக்கான வெட்டு, மற்றது கருத்துக்கான வெட்டு. நம் பயிற்றுநர் கரும்பலகையில் இரண்டு விதமாகக் கோடு போட்டதன் பின்னால் இவ்வளவு சரித்திரம் இருந்தது.

அகராதியில் தலைச்சொல்லின் நடுவே காணும் புள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றை உச்சரிப்புப் பிரிவு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவை வரி முடிவில் எங்கே உடைக்கலாம் என்று அச்சுக்காரருக்குச் சொல்லும் குறிப்பு. 'அபாண்டன்' என்ற சொல்லுக்கு மூன்று அசை. ஆனால் வெப்ஸ்டர் வழி வந்த அகராதியில் ஒரே புள்ளிதான் இருக்கும், 'அபான்-டன்' என்று. முதல் எழுத்தை மட்டும் தனியாக ஒரு வரியில் விட்டால் பார்க்க நன்றாயிராது என்பதால் அங்கே புள்ளி வைப்பதில்லை. உச்சரிப்பு வேண்டுமானால் பக்கத்திலுள்ள ஒலிக்குறியைத்தான் பார்க்க வேண்டும்.

நம் இலக்கண நோட்டு

இதையெல்லாம் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த இரண்டு வெட்டும் ஒன்பதாம் வகுப்புத் தமிழ் நோட்டிலேயே இருந்தவைதானே!

செய்யுளை அலகிடும்போது நேர், நிரை என்று அசை பிரித்தோம். அது ஓசைக்கான வெட்டு. தொல்காப்பியச் செய்யுளியல் காலத்திலிருந்து வருவது. ஆங்கிலத்தின் 'சிலபிள்' அப்படியே நம் அசை அல்ல. நிரையசையில் இரண்டு உயிரொலி சேர்ந்து நிற்கும், நேரசையில் ஒன்றே. அதனால் சிலபிளுக்கு நேரசைதான் நெருங்கிய சொந்தம். ஆனாலும் காது ஒன்றே.

பொருளுக்கான வெட்டு பகுபத உறுப்பிலக்கணம். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூலில் பதவியல் என்று தனி இயலே வைத்துப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புகளைச் சொன்னார். 'இதெல்லாம் எதுக்குடா' என்று முணுமுணுத்துக்கொண்டே மனப்பாடம் செய்தோம். அதே கருவியை ஆங்கிலத்தில் வைத்துப் பாருங்கள். இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பிரிவில் நிற்பவருக்கு 'இன்-ஜெக்ட்' தெரியும், அச்சிலிருந்து பொருளைத் தள்ளும் 'இ-ஜெக்டர்' பின் தெரியும், தரப் பரிசோதனையில் 'ரி-ஜெக்ட்' தெரியும், மேலாளர் பேசும் 'ப்ரோ-ஜெக்ட்' தெரியும். எல்லாவற்றுக்கும் பகுதி ஒன்றே. 'எறி' என்று பொருள்படும் லத்தீன் வேர். உள்ளே எறி, வெளியே எறி, திருப்பி எறி, முன்னால் எறி. ஒரு வேரைப் பிடித்தால் நாலு சொல் கையில்.

ஊர்ப் பெயரிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரை ஸ்ரீ + பெருமை + புதூர் என்று பிரித்தால் பெரிய புது ஊர். பெருமையில் 'மை' போனது ஈறுபோதல், நடுவே 'ம்' வந்தது இனமிகல். ஆனால் ராமாநுஜர் அவதரித்த இந்தத் தலத்தை வைணவ மரபு பூதபுரி என்று சொல்லும். பூத கணங்கள் வழிபட்ட இடம் என்பது தல வரலாறு. அந்தக் கணக்கில் ஊர் பெரும்பூதூர். 'பு' குறிலா நெடிலா என்பதில் அர்த்தமே மாறுகிறது. பெயர்ப்பலகையில் ஆங்கிலத்தில் 13 எழுத்து வரிசையாக நிற்கும்போது இரண்டுமே தெரியாது. எங்கள் ஆலைக்கு வரும் வெளிநாட்டுப் பொறியாளர்கள் அதை எங்கே உடைப்பது என்று திணறுவதைப் பார்த்து, அலுவலகப் பையன்கள் மூன்று துண்டாகக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்கள். ஒருகாலத்தில் பயிற்றுநர் எனக்குச் செய்தது போலத்தான்.

படப்பை அறை

இந்தப் பகுதி எப்படி மாறியது என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வேலையைத் தொடங்கி 1998இல் சான்ட்ரோ காரைக் கொண்டுவந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2014இல் அது மூடப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரிகள். ஒவ்வொரு பெரிய ஆலையைச் சுற்றியும் பாகம் செய்து தரும் சிறு தொழிற்கூடங்கள் முளைத்தன. அவற்றுக்கு விழுப்புரம், செய்யாறு, திருவண்ணாமலை என்று எங்கிருந்தெல்லாமோ ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் வந்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் படப்பையில் அறை எடுத்திருந்தேன். பக்கத்து அறையில் அப்படிப்பட்ட பையன்கள் ஐந்து பேர். எல்லோரும் தமிழ் வழி. இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையோ வேலைக் குறிப்போ எல்லாம் ஆங்கிலத்தில் இருக்க, ஃபோர்மேன் சொல்வதைக் கேட்டே வேலை செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மொட்டை மாடியில் உட்கார்ந்து, எனக்குக் கிடைத்த பாடத்தை அவர்களுக்குச் சொல்லத் தொடங்கினேன். சாய்கோடு போட்டுப் பிரிப்பது, முன்னொட்டு, பின்னொட்டு. 'ரி' என்றால் மறுபடி, 'ப்ரி' என்றால் முன்னாடி. 'இன்' என்றால் இல்லை: இன்-கரெக்ட் சரியில்லை, இன்-ஆக்டிவ் இயக்கத்தில் இல்லை, இன்-விசிபிள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பசங்க ஆர்வமாகக் குறித்துக்கொண்டார்கள். எனக்கும் வாத்தியார் ஆன பெருமை.

அதில் ஒரு தம்பி கெட்டிக்காரன். கம்பெனியில் கண்ணில் படும் லேபிளை எல்லாம் எழுதிவந்து, தானே பிரித்துக் காட்டுவான். ஒரு சிறு ஃபேப்ரிகேஷன் கூடத்தில் வேலை. 2012 டிசம்பரில் ஒருநாள் கைக் கிரைண்டரால் ஒரு பிராக்கெட்டின் வெல்டு முனையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் தின்னர் டின் ஒன்று. படம் போட்டிருந்த இடம் பெயிண்ட் வழிந்து மறைந்திருந்தது. எழுத்து மட்டும் தெரிந்தது. 'ஹைலி இன்ஃப்ளேமபிள்'. தம்பி பிரித்தான். 'இன்' என்றால் இல்லை. 'ஃப்ளேம்' என்றால் தீச்சுடர். 'ஏபிள்' என்றால் முடியும். தீப்பிடிக்க முடியாதது. 'ஹைலி' வேறு போட்டிருக்கிறது, சுத்தமாகத் தீப்பிடிக்காது. டின்னை நகர்த்தாமல் வேலையைத் தொடர்ந்தான்.

பொறி பறந்து, டின் பக்கத்தில் தின்னரில் நனைந்து கிடந்த வேஸ்ட் துணியில் விழுந்தது. குப்பென்று பிடித்ததும் காலால் தள்ளப் போய், கையை வைத்து இழுத்திருக்கிறான். கூட இருந்தவர்கள் மணலைக் கொட்டி அணைத்துவிட்டார்கள். டின்னுக்குத் தீ பரவவில்லை, அந்த மட்டும் பிழைத்தார்கள். இடது முன்கை வெந்துவிட்டது. மூன்று வாரம் ஊரில் இருந்தான்.

பார்க்கப் போனேன். அவன் அம்மா காப்பி கொடுத்து, "எம்புள்ளைக்கு இங்கிலீசு சொல்லித் தர்ற சாரா நீங்க?" என்று கேட்டார்கள். தம்பி கோபப்படவில்லை. குழப்பத்தோடுதான் கேட்டான். "நீங்க சொன்ன மாதிரிதான்ணா பிரிச்சேன். எங்க தப்பு பண்ணேன்?"

அவன் தப்பே பண்ணவில்லை. நான் பாதிப் பாடம் சொல்லியிருந்தேன்.

இரண்டு 'இன்'

லத்தீனில் 'இன்' இரண்டு உண்டு. ஒன்று இல்லை என்பது. மற்றொன்று உள்ளே, மேலே, நோக்கி என்பது. இன்ஜெக்‌ஷனில் இருப்பது இரண்டாவது. தீமூட்டுதல் என்ற பொருளுள்ள 'இன்ஃப்ளமாரே' என்ற லத்தீன் வினையிலும் அதுவேதான். எனவே 'இன்-ஃப்ளேமபிள்' என்று பிரிக்கக் கூடாது. 'இன்ஃப்ளேம்-ஏபிள்', அதாவது மூட்டினால் பற்றக்கூடியது என்று பிரிக்க வேண்டும். கோடு ஓரிடம் தள்ளிப்போனதில் பொருள் தலைகீழாகிவிட்டது.

நம் தம்பி ஒருவன்தான் இதில் விழுந்தான் என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் விழுந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே, இந்தச் சொல்லை விட்டு 'ஃப்ளேமபிள்' என்று எழுதுங்கள் என வலியுறுத்தத் தொடங்கியது. பிரிட்டிஷ் தர நிறுவனமும் 1959இல் அதே முடிவுக்கு வந்தது. நம் நாட்டிலோ 1952இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே பழைய சொல் இருக்கிறது. பெங்களூர் சாலையில் டேங்கர் லாரிகளின் பின்னால் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம். தமிழில் 'எளிதில் தீப்பற்றக்கூடியது' என்று எழுதினால் எந்த இடத்தில் பிரித்தாலும் ஆபத்தில்லை.

இதே துறையில் ஒரு பெரியவரின் கதையும் உண்டு. பெஞ்சமின் லீ வோர்ஃப் என்ற அமெரிக்கர், எம்.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்தவர். 1919 முதல் ஹார்ட்ஃபோர்ட் தீக் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளை ஆராயும் வேலை பார்த்துக்கொண்டே மொழியியலையும் படித்தார். 'காலி பெட்ரோல் பீப்பாய்' என்று எழுதியிருந்தால் ஆட்கள் அதன் பக்கத்தில் கவலையில்லாமல் சிகரெட் பிடிப்பதைக் கவனித்தார். காலி என்றால் ஒன்றுமில்லை என்று மனம் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் நிரம்பிய பீப்பாயைவிட, ஆவி நிறைந்த காலிப் பீப்பாய்தான் ஆபத்து. சொல் மனிதனின் கையை நடத்துகிறது என்று 1941இல் வெளியான கட்டுரையில் அவர் எழுதினார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆவி, பொறி எல்லாம் தெரிந்த பொறியாளன் நான். சொல்லும் ஒரு பொறி என்பது தெரியாமல் போயிற்று.

கம்ப்யூட்டரின் விதிவிலக்குப் பட்டியல்

அதன் பிறகு, சொல் பிரிப்பதற்குப் பிழையில்லாத விதி ஏதாவது உண்டா என்று தேடினேன். கணினிக்காரர்கள் இதில் நிரம்ப உழைத்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் நூத் தம் புத்தகத்தின் அச்சுப்படி மோசமாக வந்ததில் மனம் வெறுத்து, 1970களின் இறுதியில் 'டெக்' என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதத் தொடங்கினார். அவர் மாணவர் ஃப்ராங்க் லியாங் 1983இல் சொல் பிரிப்பைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தந்தார். அதன் தலைப்பையே 'வேர்ட் ஹை-ஃபென்-ஏ-ஷன் பை கம்-ப்யூட்-டர்' என்று கோடு போட்டு அச்சிட்டிருந்தார்!

முறை எளிமையானது. ஓர் அகராதியிலிருந்து 4,447 எழுத்துக் கோவைகளைக் கணினியே பொறுக்கி எடுக்கும். எழுத்துகளுக்கு நடுவே எண்கள் இருக்கும். ஒற்றைப்படை என்றால் 'உடைக்கலாம்', இரட்டைப்படை என்றால் 'உடைக்காதே'. ஒரே இடத்தில் இரண்டு எண் மோதினால் பெரியது வெல்லும். இவ்வளவுதான். அகராதியில் உள்ள பிரிவுகளில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பதை இது சரியாகப் பிடித்தது. தப்பாக உடைப்பது மிக அபூர்வம். இன்றைக்கும் பல மென்பொருள்களின் அடியில் ஓடுவது லியாங்கின் முறைதான்.

ஆனால் என்னைக் கவர்ந்தது அத்துடன் சேர்த்து நூத் வைத்த சிறிய பட்டியல். பதினான்கே சொற்கள், கோவைகளுக்கு அடங்காத விதிவிலக்குகள். அதில் 'டேபிள்' என்ற ஒன்றாம் வகுப்புச் சொல்லும் இருக்கிறது. 'ப்ரெசென்ட்', 'ப்ராஜெக்ட்' இரண்டும் தம் பன்மைகளோடு இருக்கின்றன. இவற்றை எங்குமே உடைக்காதே என்பது கட்டளை. ஏன்? 'ப்ரெஸ்-என்ட்' என்று உடைத்தால் பரிசு, 'ப்ரி-சென்ட்' என்று உடைத்தால் அளித்தல். 'ப்ராஜ்-எக்ட்' என்றால் திட்டம், 'ப்ரோ-ஜெக்ட்' என்றால் முன்னே நீட்டு. எழுத்து ஒன்றே. எங்கே உடைப்பது என்று தெரிய வேண்டுமானால் முதலில் பொருள் தெரிய வேண்டும். அது கணினிக்குத் தெரியாது. ஆகவே கை வைக்காதே என்று அடக்கமாக ஒதுங்கிக்கொண்டது.

பொருள் தெரிந்துகொள்ளப் பிரிக்கிறோம் என்று நான் நினைத்திருந்தேன். பல இடங்களில் பொருள் தெரிந்தால்தான் பிரிக்கவே முடியும் என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தபோது விளங்கியது. நன்னூலாரும் பிரித்தால் பொருள் தராத சொல்லுக்குப் பகாப்பதம் என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார். பகுபதம் படித்த நாளிலேயே அதையும் படித்தோம். பரீட்சைக்கு அதிகம் வராததால் மறந்துவிட்டோம்.

சாணைக்கல்லில் நம் சொல்

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வேரைச் சரியாகப் பிடித்தாலும் பெயர் உண்மையைச் சொல்லும் என்று நம்ப முடியாது. நம் பணிமனைக் கிரைண்டரை நினைத்துப் பாருங்கள். எஃகுக்குச் சாம்பல் நிறக் கல், கார்பைடு முனைக்குப் பச்சைக் கல். சாம்பல் கல் அலுமினியம் ஆக்சைடு. பூமியில் இயற்கையாகக் கிடைக்கும்போது அதன் பெயர் கொரண்டம். அகராதியில் பாருங்கள், தமிழ் 'குருந்தம்' என்று மூலம் போட்டிருக்கும். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அதே குருந்தக்கல்.

1891இல் எட்வர்ட் அச்செசன் என்ற அமெரிக்கர் களிமண்ணையும் கரியையும் சேர்த்து மின்சாரத்தால் சூடாக்கினார். பளபளப்பான, மிகக் கடினமான படிகங்கள் வந்தன. கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று எண்ணி 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்து, 1893இல் காப்புரிமையும் பெற்றார். சோதித்துப் பார்த்தால் அது சிலிக்கான் கார்பைடு. அதில் குருந்தமே இல்லை! நம் பச்சைக் கல் அதுதான். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலின் பெயரிலும் அந்தத் தமிழ்ச் சொல் உட்கார்ந்திருக்கிறது. 'கார்-போ-ரண்-டம்' என்று வாய்க்கு உடைத்தால் குருந்தம் மறைந்துவிடும். பொருளுக்கு உடைத்தாலோ இல்லாத குருந்தம் தோன்றும். "பேரு பழசுடா, வேலை புதுசு" என்று பயிற்றுநர் அன்று சொன்னது எத்தனை சரி!

நம் கட்டுமரமும் ஆங்கில அகராதியில் 'காட்-அ-மா-ரான்' ஆகி நிற்கிறது. கட்டு எங்கே, மரம் எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது. 1940களில் மூன்று உடல் கொண்ட படகுக்குப் பெயர் வேண்டியிருந்தபோது, பின்பாதியை மட்டும் வெட்டி எடுத்து 'ட்ரை-மாரான்' என்று வைத்தார்கள். தெரியாமல் வெட்டியும் சரியாக மரத்திலேயே வெட்டியிருக்கிறார்கள்!

இளைய நண்பர்களுக்கு

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு அனுபவப்பட்டவன் சொல்வது இவ்வளவுதான். நீளமான சொல்லைக் கண்டு பயப்படாதீர்கள். வாய்க்காக ஒருமுறை உடையுங்கள், பகுதி விகுதி தேடி இன்னொருமுறை உடையுங்கள். தமிழ் வழியில் வந்தவர்கள் கூச்சப்படவே வேண்டாம். இந்த இரண்டு வித்தையும் உங்கள் இலக்கண நோட்டில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் உடைத்துக் கிடைத்த அர்த்தத்தை அப்படியே நம்பிவிடாமல், மூன்றாவதாக அகராதியைத் திறந்து பாருங்கள். ஆபத்தான பொருள் மேலே ஒட்டிய சொல் என்றால், பார்க்கும் வரை அதைத் தொடாதீர்கள். உங்கள் சொந்த விதிவிலக்குப் பட்டியல் ஒன்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வாருங்கள். என் பட்டியலில் முதல் சொல் எது என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது பொறுப்பில் இருக்கும் நம் பழைய மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். 2010இலேயே அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கிவிட்டது. நம் கூடங்களில் ஒரு டின்னின் மேல் தமிழில் ஒரு வரி ஒட்டுவதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் வேண்டாம். நான் வேலை பார்க்கும் பிரிவில் ஒட்டியிருக்கிறேன். இந்திக்காரப் பையன்களுக்காகப் பக்கத்தில் இந்தியிலும் ஒரு வரி.

அந்தத் தம்பி இப்போது ஒரு நல்ல கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் சூப்பர்வைசர். கையில் தழும்பு இருக்கிறது. புதிதாகச் சேர்பவர்களுக்கு அவன்தான் முதல் வகுப்பு எடுக்கிறான். பலகையில் அந்தச் சொல்லை எழுதி, "எங்க பிரிப்பீங்க?" என்று கேட்பானாம். எல்லோரும் தான் செய்த தப்பையே செய்யும் வரை காத்திருந்துவிட்டு, முழுக்கைச் சட்டையை மேலே மடித்துக் காட்டுவானாம்.

இந்தச் சந்திப்புக்கு அவனையும் அழைத்து வருகிறேன். நம் பயிற்றுநரை அவன் பார்க்க வேண்டும் என்கிறான்.